பட்டுச்சேலை வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவு: சட்டக் கடப்பாடுகள்

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் பகுதிகள் கைத்தறிப் பட்டு நெசவுக்குப் பேர்போனவை. கரை, முந்தி, புட்டா எதுவானாலும் முதலில் கட்டக்காகிதத்தில் ஏறி, பின் ஜக்கார்டு அட்டையில் துளையாகிறது. எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்பதைத் துளையே தீர்மானிக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்த அன்னமும் இதே கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

அந்த அன்னம் யாருடையது என்பதே சிக்கல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்த நபரையே ஆசிரியராகக் கொள்கிறது. ஆனால் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதியத்தக்க வடிவம் பதியப்படாமல், உரிமையாளராலோ அவர் அனுமதியுடனோ தொழில்முறையில் 50 முறைக்குமேல் படியெடுக்கப்பட்டால் பதிப்புரிமை அற்றுப்போகும். தறிக்காரர் பலருக்கு இது தெரியவருவது, நகல் சந்தைக்கு வந்த பிறகுதான். வடிவமைப்புச் சட்டம், 2000இன்கீழ் புதிய வடிவத்தைப் பதிந்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு உண்டு. வழிவழி வந்த புட்டாவுக்கு அது பொருந்தாது.

விற்பனையிலும் சிக்கல் உண்டு. செயற்கை நுண்ணறிவு எழுதிய விளம்பரம் ஒரு சேலையைக் காஞ்சிபுரம் பட்டு என்று தவறாக அழைத்தால், புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் விற்பவரே பொறுப்பு. வாடிக்கையாளரின் படத்தில் சேலை உடுத்திக் காட்டும் செயலிகளை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலுக்குக் கட்டுப்படுத்த வகைசெய்கிறது.