அழுத்த எலும்பு முறிவு

ஆட்டக்காரர்கள் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்று சொல்லும் இந்த முறிவு ஒரே அடியில் நேர்வதன்று; ஒரே இடத்தில் ஓயாமல் விழும் சிறு பாரங்களால் எலும்பில் விடும் கீறல். இதை முதலில் எழுதிவைத்தவர் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட். நெடுநடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பதிவு செய்த அவர், தசைநாண் உறை அழற்சி என்றே நினைத்தார். எக்ஸ்ரே வந்ததே 1895இல்தான். 1897இல் மருத்துவர் ஸ்டெஹோ எக்ஸ்ரே படம் எடுத்து, விரல்களுக்குப் பின்னுள்ள பாத எலும்பு முறிந்திருப்பதைக் காட்டினார். ‘அணிநடை முறிவு’ என்ற பெயர் நிலைத்தது. ஓட்டக்காரர்களின் கணைக்கால் வலியிலும் இதே முறிவு ஒளிந்திருப்பதை மருத்துவர் மைக்கேல் டெவாஸ் விரிவாக எழுதியது 1958இல். இவ்வளவு தாமதத்துக்கு எக்ஸ்ரேயையும் ஓரளவு குறை சொல்லலாம்: முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். கணைக்காலின் உள்விளிம்பில் ஒரு விரலால் அழுத்தினால் அந்த ஒரு புள்ளி மட்டும் சுரீரென்று வலிப்பதே அப்போதைக்குக் கிடைக்கும் தடயம்.

முறிவுக்குக் காரணம் பாரத்தின் அளவைவிட அது கூடும் வேகமே. பழுதான எலும்பை உயிரணுக்கள் அரித்தெடுக்கச் சுமார் மூன்று வாரம் போதும். அந்தக் குழியைப் புது எலும்பு நிரப்பச் சுமார் மூன்று மாதம் வேண்டும். இந்த இடைவெளியில் பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் குழிகள் பெருகும், நிரப்பு வேலை பின்தங்கும். புதிதாகப் படையில் சேர்ந்தவர்களிடம் இது அதிகம் காணப்படுவது அதனால்தான். ஒரே பயிற்சியில் சிலருக்கு மட்டும் ஏன் முறிகிறது என்று கேட்கலாம். நிரப்பும் வேகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. உழைப்புக்கேற்பச் சாப்பிடாதவர்களுக்கும், மாதவிலக்கு நின்றுபோன வீராங்கனைகளுக்கும் அது குறைகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையை ஆண்களுக்கும் உரியதாக விரித்து வரையறுத்தது. காலணியைக் குற்றம் சொல்வது எளிது. தட்டில் இருப்பதைக் கேட்பதுதான் சங்கடம்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முறிவது கீழ்முதுகு முள்ளெலும்பின் வளையம், பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். முன்கால் ஊன்றும் கணத்தில் முதுகு வளைந்து, சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. 1973 மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியும் 2019இல் இந்தியாவின் பும்ராவும் இதனால் ஆட்டத்தை விட்டு விலகினர். அப்படியானால் குற்றம் வீச்சுமுறையில்தானே? ஓரளவு உண்மை, லில்லியும் தம் வீச்சைத் திருத்திக்கொண்டே திரும்பினார். ஆனால் வீச்சுமுறை, எந்த இடம் முறியும் என்பதையே பெரிதும் தீர்மானிக்கிறது. எப்போது முறியும் என்பது ஓவர்களின் நெருக்கத்தைப் பொறுத்தது. எந்த இடத்து முறிவையும் இன்று எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது; பெரும்பாலான முறிவுகள் ஓய்விலேயே கூடும்; தொடையெலும்புக் கழுத்தில் நேரும் முறிவுக்குச் சில சமயம் திருகாணி தேவைப்படும்.