போர்க்களம் காணாத தோழியர்

போர் வரலாறு எழுதுவோர் தளபதிகளின் பெயர்களையும், வென்ற நிலத்தின் அளவையும், மடிந்த வீரர்களின் தொகையையும் எழுதி முடித்துவிடுவார்கள். அவ்வீரர்களின் பீரங்கிகளுக்குக் குண்டு எங்கிருந்து வந்தது, அதில் மருந்து நிரப்பிய கைகள் யாருடையவை என்னும் வினா அவர்களுள் பலருக்கு எழுவதே இல்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் பெரும் போரில், இங்கிலாந்தைப் பொறுத்தவரை, அக்கைகளில் மிகப் பல பெண்களின் கைகள். அவர்களுடைய உழைப்பைப் பற்றியாவது ஓரளவு எழுதியிருக்கிறார்கள். அவ்வுழைப்பினூடே முளைத்த தோழமையையும், அதன் நிழலில் வாடிய காதலையும் எழுதியவர்கள் சிலரே. அவற்றைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

தமிழ் படித்தவர்களுக்குத் தோழியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. நம் அகப்பாடல்களில் தலைவிக்கு வாயாகவும் செவியாகவும் இருப்பவள் அவளே. போருக்குச் சென்ற தலைவனை எண்ணி மனைவி காத்திருக்கும் காட்சியும் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், அரசன் பாசறையில் இருக்கிறான். அரசி மாளிகையில் ஆற்றாது கிடக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்டு வந்து அவளைத் தேற்றுகிறார்கள். 1915இல் இங்கிலாந்தின் தலைவி அப்படிக் காத்திருக்கவில்லை. விடியுமுன் எழுந்து இரயிலேறி வெடிமருந்து ஆலைக்குப் போனாள். அவளைத் தேற்றியவள், அதே பலகையில் அருகே நின்று வேலை செய்த, நேற்றுவரை முகமறியாத மற்றொரு பெண்.

அவர்களை வீட்டைவிட்டு வெளியே அழைத்தது யார்? 1915 மே மாதம், போர்முனையில் பீரங்கிக் குண்டுகள் போதவில்லை என்ற செய்தி இலண்டனில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அடுத்த மாதமே போர்த்தளவாடங்களுக்கெனத் தனி அமைச்சகம் ஒன்று லாயிட் ஜார்ஜின் பொறுப்பில் அமைந்தது. ஜூலை 17இல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பலமுறை சிறை சென்ற எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார், இம்முறை வேலையுரிமை கேட்டு, கொட்டும் மழையில் பல்லாயிரம் பெண்களை இலண்டன் வீதிகளில் அணிவகுத்து நடத்தினார். 1916 தொடக்கத்தில் ஆண்களுக்குக் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்ததும், ஆலைகளில் ஆண்கள் விட்டுச் சென்ற இடங்கள் பெருகின. ஊல்விச் நகரத்து அரசாங்க ஆயுதச் சாலையில் மட்டும் 1917இல் 25,000க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். வந்தவர்களில் பலர் செல்வர் வீடுகளில் பாத்திரம் துலக்கியும் படுக்கை விரித்தும் வந்த பணிப்பெண்கள். எசமானியின் மணியோசைக்கு ஓடியவளுக்கு ஆலைச் சங்கின் ஓசை கடுமையாகத் தோன்றியிராது என்றே நாம் கருதுகிறோம். ஆலையில் கூலி கூடுதல், மாலைப்பொழுது அவளுடையது, எல்லாவற்றிற்கும் மேலாக, அங்கே அவள் தனியாள் அல்லள்.

ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்னுமிடத்தில் ஒன்பது மைல் நீளத்திற்கு ஓர் ஆலையை அரசாங்கம் எழுப்பியது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே விடுதிகளில் தங்கி, நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் சேர்த்துக் கையால் பிசைந்தார்கள். 1916இல் அவ்விடத்தைப் பார்வையிட்ட எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் அந்தப் பசைக்குச் ‘சாத்தானின் கூழ்’ என்று பெயரிட்டார். (தொழிலாளர் குடித்துவிட்டு வேலைக்கு வருவதைக் கண்டஞ்சிய அரசாங்கம், அவ்வட்டாரத்து மதுக்கடைகளைத் தானே எடுத்துக்கொண்டு குடியைக் கட்டுப்படுத்தியது. அந்த ஏற்பாடு 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. போர் கற்பித்த பாடங்களில் இதுவும் ஒன்று.)

வெடிமருந்துக் கூடத்தினுள் நுழையுமுன் ஒவ்வொரு பெண்ணையும் சோதனையிடுவார்கள். தீப்பெட்டி கூடாது, உலோகப் பொத்தான் கூடாது, கொண்டை ஊசியும் கூடாது. ஒரு சிறு பொறி போதும், கூடம் முழுவதும் சாம்பலாகிவிடும். மணமான பெண்கள் சில ஆலைகளில் திருமண மோதிரத்தை நூலால் சுற்றி மூடிக்கொண்டு வேலை செய்தார்கள் என்பர். கணவன் பிரான்சுநாட்டுப் பதுங்குகுழியில். அவன் அணிவித்த மோதிரம் நூலுக்குள். அந்நாளைய காதலின் நிலையை உணர நமக்கு வேறு உவமை தேவையில்லை.

டி.என்.டி. என்னும் மருந்தைக் கையாண்டவர்களின் தோலும் தலைமயிரும் மஞ்சள் நிறமாயின. ‘கேனரிப் பெண்கள்’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. கேனரி என்பது ஒரு மஞ்சட்குருவி. பெயர் அழகாயிருக்கிறது, நோய் அழகானதன்று. அந்நஞ்சு ஈரலைத் தாக்கியதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தெருவில் விலகி நடந்தவர்களும், உணவு விடுதியில் ஒதுக்கி உட்காரவைத்தவர்களும் இருந்த காலத்தில், ஒரு மஞ்சள் முகத்துக்கு இன்னொரு மஞ்சள் முகம்தான் துணை.

லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ ஆலையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கு வேலை செய்த பதினாறாயிரம் பேரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பெண்கள். மருந்தின் நஞ்சை முறிக்கப் பால் நல்லது என்று கருதி, ஆலைக்கெனவே மாட்டுப் பண்ணை வைத்துப் பால் கொடுத்தார்கள். 1916 டிசம்பர் 5ஆம் நாள் இரவு பத்து மணிக்கு இரவு முறைப் பெண்கள் உள்ளே வந்தார்கள். 42ஆம் எண் கூடத்தில், மருந்து நிரப்பிய குண்டுகளின் முனையில் வெடிதூண்டியைப் பொருத்தி எந்திரத்தால் முடுக்கும் வேலை. பத்து மணி இருபத்தேழு நிமிடத்திற்கு ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் மாண்டார்கள். சில உடல்களைக் கழுத்தில் கிடந்த அடையாள வில்லையைக் கொண்டே அறிய முடிந்தது. உடல்களை அகற்றிய சில மணி நேரத்திற்குள், அதே கூடத்தில் வேலை செய்ய மற்றப் பெண்கள் தாமே முன்வந்தார்கள்.

ஏன் முன்வந்தார்கள்? நாட்டுப்பற்று என்பார் சிலர்; கூலி என்பார் சிலர். இரண்டும் உண்மையாயிருக்கலாம். ஆனால் அருகில் நின்றவள் மாண்டுபோன இடத்தை வெறுமையாக விட மனம் ஒப்பாத ஒருவகைத் தோழமையும் உண்டு. போர்க்களத்து ஆண்களிடம் இதே குணத்தைக் கண்டால் வரலாறு அதற்கு வீரம் என்று பெயரிட்டுப் பதக்கம் அளிக்கிறது. பார்ன்போப் பெண்களுக்கோ, விபத்து நடந்த செய்தியைக்கூடத் தணிக்கை அதிகாரிகள் வெளியிட விடவில்லை. இறப்பு அறிவிப்புகளில் விபத்தில் இறந்ததாகப் பட்டும் படாமலும் ஒரு சொல், அவ்வளவே. போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே மக்கள் உண்மையை அறிந்தார்கள்.

இங்கு ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அவர்கள் நிரப்பிய குண்டுகள் மறுகரையில் வேறு பெண்களைக் கைம்பெண்களாக்கின. அதே வேளையில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் க்ரூப் ஆலையில் பல்லாயிரம் ஜெர்மானியப் பெண்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இருதிறத்துப் பெண்களும் ஒரே பலகையில் நின்றிருந்தால் தோழியராகியிருப்பார்கள்.

ஆலைத் தோழமை அழுகையாக மட்டும் இருக்கவில்லை. பிரெஸ்டன் நகரின் டிக் கெர் ஆலைப் பெண்கள் ஓய்வு வேளையில் முற்றத்தில் பந்து உதைத்து விளையாடியவர்கள், 1917இல் ஒரு கால்பந்தாட்டக் குழுவாகவே திரண்டார்கள். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஏறத்தாழ 10,000 பேர் முன்னிலையில் ஆடி, காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்குப் பொருள் திரட்டித் தந்தார்கள். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, கால்பந்தாட்டச் சங்கம் தன் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. பார்ன்போ வெடித்த அதே தேதி! பெண்கள் பந்தாடலாமா என்னும் வாதத்துள் நாம் புகவில்லை. வெடிமருந்தைப் பிசைந்தபோது பெண்மைக்கு நேராத கேடு பந்தை உதைத்தபோது எப்படி நேர்ந்தது என்றுதான் கேட்கிறோம்.

தோழமை கூலிப் போராட்டத்திலும் துணை நின்றது. 1918 ஆகஸ்டில் இலண்டன் பேருந்துகளிலும் டிராம்களிலும் நடத்துநர்களாயிருந்த பெண்கள், ஆண்களுக்குக் கொடுத்த 5 ஷில்லிங் போர்ப்படி தமக்கு மறுக்கப்பட்டதைக் கண்டு வேலையை நிறுத்தினார்கள். வில்ஸ்டன் பணிமனையில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாட்களுக்குள் வேறு ஊர்களுக்கும் பரவியது. அந்தப் படியைப் பெற்றே திரும்பினார்கள்.

இனிக் காதலைப் பற்றி. கடல் கடந்து பொருள் தேடப் போனவரின் கடிதத்தை எதிர்பார்த்து வாசலை நோக்கியிருக்கும் வாழ்வு நம் கடற்கரையூர்ப் பெண்களுக்கு நன்கு தெரியும். ஆயினும் இங்கிலாந்துப் பெண்கள் எதிர்பார்த்தது கடிதத்தை. அஞ்சியது மற்றொரு தாளை. போர்முனைக்கும் நாட்டுக்கும் இடையே வாரத்திற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் சென்ற காலம் அது. இலண்டன் ரீஜண்ட் பூங்காவில் மரத்தால் எழுப்பிய பெரும் கொட்டகையில் அக்கடிதங்களைப் பிரித்து அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்களே. அதிகாரி மாண்டால் வீட்டுக்குத் தந்தி வரும். சாதாரணச் சிப்பாய் மாண்டால் அச்சிட்ட படிவம் ஒன்று தபாலில் வரும். அதன் எண் பி.104-82. பெயரும் நாளும் மட்டும் கையால் நிரப்பியிருக்கும். சாவிலும் உயர்வு தாழ்வு!

காத்திருந்த மனைவியை அரசாங்கம் நம்பவுமில்லை. சிப்பாய்களின் மனைவியருக்குப் பிரிவுப்படி உண்டு. ஆனால் நடத்தை சரியில்லை என்று அதிகாரிகள் முடிவு செய்தால் அதை நிறுத்திவிடலாம். கணவன் உயிரைக் கேட்டுப் பெற்ற அரசு, மனைவியின் ஒழுக்கத்துக்குக் காவலரைக் கொண்டு சான்று தேடியது மிகவும் இழிவானது என்பது நம் கருத்து.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. ஆலைச் சங்குகளும் ஓய்ந்தன. ஓராண்டுக்குள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையிழந்தார்கள். போருக்கு முந்திய வழக்கங்களை மீட்கும் சட்டம் ஒன்று 1919இல் நிறைவேறியது. ஆண்களின் வேலை ஆண்களுக்கே என்பது அதன் சாரம். வீட்டுப் பணிக்குத் திரும்ப மறுத்த பெண்களுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகையை மறுத்தார்கள். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த வாக்குரிமையோ முப்பது வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்கே உரியது. குண்டு நிரப்பிய பெண்களில் பெரும்பாலோர் முப்பதை எட்டாதவர்கள். அவர்களுடைய உழைப்பைக் காட்டி வாங்கிய உரிமை அவர்களுக்கே கிட்டவில்லை. 1928 வரை காத்திருந்தார்கள்.

1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஆண்களைவிடப் பெண்கள் பதினேழு இலட்சத்துக்கும் மேல் அதிகம் என்று தெரியவந்தது. ‘மிகுதிப் பெண்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. மனிதப் பிறவியைச் சந்தையில் விலைபோகாத சரக்கைப் போல எண்ணும் அச்சொல் நம் செவிக்கு நாராசமாயிருக்கிறது. அவர்களில் பலர் ஆசிரியப் பணிக்கு வந்தார்கள். தோழியர் இருவர் ஒரு வீட்டில் வாழ்ந்து, ஒருவர்க்கொருவர் உறவாக முதுமை எய்தியதும் உண்டு.

அத்தகைய தோழமையை எழுத்தில் நிலைநாட்டியவர் வேரா பிரிட்டன் அம்மையார். ஆக்ஸ்போர்டுப் படிப்பைப் பாதியில் விட்டுப் போர்க்காலத் தாதியானவர். அவருக்கு மணம் பேசியிருந்த ரோலண்ட் லெய்ட்டன் 1915 கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் வருவதாயிருந்தது. வேரா பிரைட்டன் நகரில் காத்திருந்தார். டிசம்பர் 26இல் தொலைபேசி அழைத்தது. ரோலண்ட் 23ஆம் நாளே மாண்டுவிட்டார் என்பது செய்தி. பின்னர் நண்பர்கள் இருவரும், 1918 ஜூனில் ஒரே சகோதரரும் போரில் மாண்டனர். 1919இல் கல்லூரிக்குத் திரும்பியவர் அங்கே வினிஃப்ரெட் ஹோல்ட்பியைக் கண்டார். இருவரும் முதலில் நண்பர்களாக இல்லை, பகைத்தே பேசினார்கள். அப்பகை மெல்லக் கரைந்து பிரியாத நட்பாயிற்று. அரபு மொழியில் நண்பரைக் குறிக்கும் ‘ஸதீக்’ என்னும் சொல், வாய்மையைக் குறிக்கும் ‘ஸித்க்’ என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. முகத்துக்கு நேரே உண்மை பேசியதில் தொடங்கிய இந்நட்புக்கு அச்சொல் மிகவும் பொருந்துகிறது.

வேரா 1925இல் மணந்துகொண்டார். வினிஃப்ரெட் அக்குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, வேராவின் குழந்தைகளுக்குச் சிற்றன்னையானார். 1935இல் தம் முப்பத்தேழாம் வயதில் வினிஃப்ரெட் நோயால் இறந்தபோது, ‘சவுத் ரைடிங்’ என்னும் அவருடைய நாவல் அச்சேறாமலிருந்தது. மறு ஆண்டு அதை வெளிக்கொணர்ந்தவர் வேரா. 1940இல் தம் தோழியின் வரலாற்றையே ஒரு நூலாக எழுதினார். கிரேக்கக் கவி ஹோமர் காலந்தொட்டு ஆண்களின் நட்பைப் புகழ்ந்த உலகம், பெண்களின் நட்பை ஏளனமாகவே பார்த்து வந்தது என்பது அந்நூலில் அவர் தொடுக்கும் வழக்கு. இலண்டன் மீது மீண்டும் குண்டு விழுந்த ஆண்டில் அந்நூல் வெளிவந்தது.

யார்க் நகரின் பேராலயத்தில் ‘ஐந்து சகோதரியர்’ என்று பெயர்பெற்ற, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நெடிய கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. போரில் பணியாற்றி மாண்ட பெண்களுக்கு நினைவுச்சின்னமாக அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று ஹெலன் லிட்டில் என்னும் பெண்மணி தோழியர் துணையோடு முயன்றார். 1925 ஜூனில் அது திறக்கப்பட்டது. அருகே நிற்கும் மரப்பலகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். கடலில் மூழ்கிய தாதியரோடு வெடிமருந்து ஆலைத் தொழிலாளரும் அங்கே ஒரே வரிசையில் இருக்கிறார்கள்.