எலிக்குச் சோறு போட்ட டாக்டர்

1820களில் சேர்வராயன் மலையில் காபி பயிரிட்டுப் பார்த்த காக்பர்ன், சேலத்துக் கலெக்டர். ஏர்க்காட்டு மண்ணைச் சோதிக்க அவர் யாரிடம் மனுப் போட வேண்டும்? நீலகிரியில் டாக்டர் ராபர்ட் மெக்காரிசனுக்கு அந்த யோகம் இல்லை. கிருமியே பேச்சாயிருந்த காலத்தில், சோற்றில் ஏதோ குறைந்தாலும் நோய் வருமென்று நம்பி, 1918-இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் புறாக்களையும் எலிகளையும் வைத்து ஆராய ஆரம்பித்தார். பணம், 1911-இல் பிறந்த இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தினுடையது. 1923-இல் இஞ்ச்கேப் பிரபுவின் சிக்கனக் கமிட்டி கத்தரியோடு வந்தது, ஆராய்ச்சி நின்றது. எலிக்குத் தீனி என்ற செலவு எந்தக் கணக்குப்பிள்ளை கண்ணுக்குத்தான் நியாயமாகப் படும்? 1925-இல் நிதி திரும்பியது. பிறகுதான் அந்தப் பிரசித்தமான சோதனை: ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டார். சீக்கியர் சாப்பாட்டு எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. மெலிந்து கடைசியில் நின்றது நம் சென்னைச் சோற்று எலி.