ஈரம் போகும், நஞ்சு போகாது

எங்க கிளியனூர் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. மணிலாக்கொட்டை என்பது மருவி வந்த சொல். தென் அமெரிக்காவில் பிறந்து கடல் வழியா வந்த பயிர் அது. இன்னைக்குப் பேசப்போற புகையிலையும் அப்படி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ரெண்டையும் அறுவடை முடிஞ்சதும் காயவைக்கணும். மல்லாட்டையைக் காதுகிட்ட ஆட்டிப் பார்ப்போம். உள்ளே பருப்பு குலுங்கினா காய்ஞ்சிருச்சு.

புகையிலையில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கம். ரொம்பக் காய்ஞ்ச இலை நொறுங்கிடும். அதனால திருச்சி உறையூரில் சுருட்டு சுற்றுபவர்கள் காய்ந்த இலையை மறுபடி நனைத்துப் பதமாக்கி, நடுநரம்பை உரித்து, சுற்றி, திரும்பவும் உலர்த்துவார்கள். ஈரமா இருந்தா ஒழுங்கா எரியாது. பைப் புகைப்பவர்கள் டப்பாவில் வரும் ஈரப் புகையிலையைக் காகிதத்தில் பரப்பி ஆறவிடுவதும் இதுக்குத்தான்.

அந்தச் சுருட்டு 'ட்ரிச்சினாப்பொலி' என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டுன்னு ஹோம்ஸ் சொல்லிடுவார்.

ஆனா இலை பறிச்ச கையை எந்தச் சாம்பலும் காட்டாது. பனியில் நனைந்த பச்சை இலையைப் பறிக்கும்போது, நிகோட்டின் அந்த ஈரத்தில் கரைந்து தோல் வழியா உடம்புக்குள் இறங்கும். தலைசுற்றல், வாந்தி. வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாதவங்களுக்கும் இது வரும்.

வீட்டில் உலர்த்தினா தண்ணீர்தான் போகும். நஞ்சு இலையிலேயே இருக்கும்.