எண்ணூர் புகைபோக்கியும் 500-ஆவது யூனிட்டும்



2023 கோடையில் எங்கள் வீட்டில் ரீடிங் எடுத்தபோது 512 யூனிட் வந்தது. பில் 2,046 ரூபாய். அதற்கு முந்தைய முறை 488 யூனிட், 1,653 ரூபாய். "24 யூனிட்டுக்கு 393 ரூபாயா?" என்று என் மனைவி கேட்டார். வங்கியில் லெட்ஜர் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் உடனே பதில் சொல்ல வரவில்லை. பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடை தெரிய கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது.

நம் வடசென்னைதான் பட்டணத்துக்கே விளக்கேற்றிய பகுதி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தார்கள். நடத்தியது மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி. 1947-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் பிறந்தது. நாம் இன்றும் 'ஈபி' என்று சொல்வது அந்த வாரியத்தின் பெயரைத்தான்.

1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. முழுத் திறன் 450 மெகாவாட். 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டுடன் சேர்ந்தது. 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் முதலில் இறக்கிய சரக்கும் நிலக்கரிதான். மின்சாரம் ஊருக்கெல்லாம் போனது. சாம்பல் நம் பக்கமே தங்கியது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறால், நண்டு பிடித்துப் பிழைத்தவர்களைக் கேட்டால், சாம்பல் படிந்த சேற்றைப் பற்றிச் சொல்வார்கள். பழைய எண்ணூர் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது.

இப்போது பில்லுக்கு வருவோம். மின்சாரம் அரசின் கைக்கு வந்தபின், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குக் குறைந்த விலை, அதிகம் செலவழித்தால் கூடுதல் விலை என்ற முறை நிலைத்தது. வித்தியாசத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. 2016 மே மாதம் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசமானது.

ஆனால் 500 யூனிட்டில் ஒரு கோடு இருக்கிறது. நம்மில் பலர் கவனிக்காதது இதைத்தான். 2022-க்கு முந்தைய கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் நிலைக்கட்டணம் சேர்த்து 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய் 60 பைசா. அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 பைசா!

2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது. நிலைக்கட்டணம் வீடுகளுக்கு நீங்கியது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 ரூபாய். பள்ளம் 233 ரூபாயாகச் சுருங்கியது, மறையவில்லை. காரணம் இதுதான்: 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டினால் அதே 100 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. அந்த 225 ரூபாயோடு 501-ஆவது யூனிட்டின் 8 ரூபாய் சேர்கிறது. எங்கள் வீட்டில் கூடுதலான 12 யூனிட்டுக்கு, 500-இல் நின்றிருந்தால் வந்திருக்கும் தொகையைவிட 321 ரூபாய் அதிகம் கட்டினோம். ஒரு யூனிட் 26 ரூபாய் 75 காசு! மீட்டரில் பழுதில்லை, ரீடிங்கிலும் தவறில்லை. கணக்கு தெரியாதது எங்கள் தவறு.

2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் ஏறியது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் பில்லின் விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நாங்கள் செய்தது இரண்டே வேலை. முதலாவது, ரீடிங் எடுத்த 30-ஆம் நாள் மீட்டரை நாமே பார்த்துக் காலண்டரில் எழுதுவது. 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மின்விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்றால் 60 நாளில் 67 யூனிட்டுக்கு மேல். பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஒரு விசிறியிலேயே 40 யூனிட் மிச்சம். ஏசியை 18-இல் வைப்பவர்கள் 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டுப் பாருங்கள். கடல் காற்று வரும் இரவுகளில் அதுகூடத் தேவைப்படாது.

நம் பொது மீட்டருக்கு இந்த இலவசமும் கிடையாது, மலிவுப் படியும் கிடையாது. 2022 முதல் அடுக்குமாடிகளின் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் தனிக் கட்டணத்தில், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தொடங்கின. 2023-இல் லிஃப்ட் இல்லாத, 10 வீடுகளுக்கு உட்பட்ட சிறு குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது, நம் பராமரிப்புப் பணமும் சேர்ந்துதான் வழிகிறது. மோட்டார் சுவிட்சை யார் பார்த்தாலும் அணைக்கலாம், கமிட்டி வர வேண்டியதில்லை.

சாம்பலுக்குப் பில்லில் ஒரு பத்தி கிடையாது. அந்தக் கணக்கை முகத்துவாரத்து மீனவர் குடும்பங்கள் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு யூனிட்டை மிச்சம் பிடிக்கும்போது இரண்டு கணக்கிலும் கொஞ்சம் குறைகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த ரீடிங் எடுத்த பிறகு பில் புரியாதவர்கள் மாலையில் கீழே பெஞ்சுக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.