பெட்டியில் ஏறிப் பிழைத்த காண்டாமிருகம்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர், புல்வெளியில் தலை தாழ்த்தி மேயும் வெள்ளைக் காண்டாமிருகத்தைக் கண்டு வியப்பதுண்டு. தொன்றுதொட்டு அங்கேயே வாழ்ந்து வரும் விலங்கு என்றுதான் அவர்கள் எண்ணுவர். உண்மை அதுவன்று. அப்பகுதியில் இவ்வினம் 1896ஆம் ஆண்டு வாக்கிலேயே வேட்டையாடப்பட்டு அடியோடு அற்றுப்போயிற்று. இன்று அங்கு மேய்பவை, 1961 முதல் மரப்பெட்டிகளில் அடைபட்டு லாரிகளில் வந்திறங்கியவற்றின் வழித்தோன்றல்களே.

பெயரில்தான் வெள்ளை, உடல் நிறம் சாம்பல். கறுப்புக் காண்டாமிருகம் எனப்படுவதும் சாம்பல் நிறமே! வேறுபாடு வாயில் இருக்கிறது. வெள்ளையின் உதடு அகன்று சதுரமாக, புல் மேய்வதற்கு ஏற்றதாக அமைந்துள்ளது. கறுப்பின் மேலுதடு கூம்பி, தழையைப் பற்றி இழுக்க உதவுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு ஆப்பிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் மறைந்தே போயிற்று என்று பலர் கருதினர். ஜூலுலாந்தில் உம்ஃபலோசி ஆற்றுப் பகுதியில் மட்டும் சில பத்து விலங்குகள் எஞ்சியிருந்தன. 1895இல் அவ்விடம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும் தொல்லை தீரவில்லை. செட்சி ஈ பரப்பும் நகானா என்னும் நோயால் அண்டை நிலங்களில் கால்நடைகள் மடிந்தன. காட்டு விலங்குகளின் இரத்தத்தில்தான் அந்நோய்க் கிருமி தங்கியிருக்கிறது என்று கூறி, பல்லாயிரம் விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். நல்லவேளையாக, காண்டாமிருகத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1953இல் இயன் பிளேயர் என்ற காப்பக அலுவலர் சிறு விமானத்தில் பறந்து எண்ணியபோது 437 தேறின.

எண்ணிக்கை பெருகியது மகிழ்ச்சிதான். ஆனால் அத்தனையும் ஒரே காட்டில் இருந்தன. ஒரு கொள்ளைநோய் புகுந்தால் இனமே முடிந்துவிடும். எனவே வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்ப முடிவு செய்தார்கள். பிளேயருடன் ஜூலு இனத்தைச் சேர்ந்த மகூபு ந்தோம்பேலா என்ற அனுபவம் மிக்க காவலரும் இருந்தார்.

இரண்டு டன் எடையுள்ள விலங்கைப் பிடிப்பது எப்படி? முதலில் கையாண்ட மருந்துகளுக்கு அளவு அதிகம் தேவைப்பட்டது. மயக்கம் வருவதற்குள் விலங்கு நெடுந்தொலைவு ஓடிவிடும், சில இறந்தும் போயின. பின்னர் வந்ததே ‘எம்-99’ என்னும் எட்டார்ஃபின். இது மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையுள்ளது. காண்டாமிருகம் ஒன்றுக்குச் சில மில்லிகிராம் போதும். கணக்கிட்டுப் பாருங்கள்: 2,000 கிலோகிராம் உடலுக்கு 2 மில்லிகிராம் என்றால், நூறு கோடியில் ஒரு பங்கு! மருந்து ஏற்றிய ஊசியைத் துப்பாக்கியால் எய்வார்கள். கையாளும் மனிதன் உடலில் அது தவறிப் பாய்ந்தால் அவன் உயிருக்கே ஆபத்து.

விழுந்த பிறகுதான் உண்மையான அவசரம். தன் எடையே விலங்குக்குப் பகை. மடிந்து கிடக்கும் காலின் மேல் அத்தனை பாரமும் அழுந்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை கெட்டுவிடும். மூச்சும் தளரும். ஆகவே கண்ணைக் கட்டி, உடலைப் புரட்டி வைத்து, மாற்று மருந்தைச் சிறிதளவு செலுத்துவார்கள். அரைமயக்கத்தில் எழும் விலங்கைக் கயிற்றால் இழுத்தால், தன் காலாலேயே பெட்டிக்குள் நடந்து செல்லும். இரண்டு டன்னைத் தூக்க வேண்டிய வேலை மிச்சம்!

இவ்வாறு குரூகருக்கும், அண்டை நாடுகளுக்கும், கடல் கடந்த விலங்குக் காட்சிசாலைகளுக்கும் அவை சென்றன. 2012 வாக்கில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் 20,000ஐத் தாண்டின.

இதன் நெருங்கிய உறவான வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதை வேறு. காங்கோவிலுள்ள கரம்பா தேசியப் பூங்காவே அதன் கடைசிப் புகலிடம். 1984இல் அங்கே இருந்தவை 15. பாதுகாப்பினால் அவை ஏறத்தாழ இருமடங்காயின. ஆனால் உள்நாட்டுப் போரும் கொம்புக் கொள்ளையும் மீண்டும் அழித்தன. 2005இல், எஞ்சியவற்றில் ஐந்தைக் கென்யாவுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அந்நாட்டில் அரசியல் எதிர்ப்பு எழவே, திட்டம் கைவிடப்பட்டது. தங்கள் செல்வம் வெளியேறுகிறதே என்ற அவர்களது மனக்குறை புரியாததன்று. ஆயினும் சில ஆண்டுகளில் கரம்பாவில் ஒன்றுகூட இல்லை. உம்ஃபலோசியில் பெட்டிகள் நகர்ந்தன, கரம்பாவில் நகரவில்லை. இரு இனங்களின் விதியும் பெரும்பாலும் அதிலேயே பிரிந்தது என்பேன்.

தெற்கினமும் கவலையின்றி இல்லை. கொம்பு என்பது நம் நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதமே. அதற்கு மருத்துவ குணம் உண்டென்ற நம்பிக்கையால், 2014இல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. குரூகரில் 2011இல் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள், 2020இல் ஏறத்தாழ 2,600 ஆகச் சுருங்கின.

செக் நாட்டு விலங்குக் காட்சிசாலை ஒன்றிலிருந்து 2009இல் கென்யாவின் ஒல் பெஜெட்டா காப்பகத்துக்கு நான்கு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் வந்தன. அவற்றுள் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. அதன் மகள் நாஜினும் பேத்தி ஃபாத்துவும் மட்டுமே மிஞ்சின. இரண்டாலும் கருச்சுமக்க இயலாது. ஆகவே ஃபாத்துவின் கருமுட்டையை எடுத்து, உறைய வைத்த விந்துவுடன் சோதனைச்சாலையில் இணைத்துக் கருக்களைச் சேமித்து வருகின்றனர். வாடகைத் தாயாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை தெற்கினப் பெண் விலங்குகள். முன்னோட்டமாகத் தெற்கினக் கரு ஒன்று செலுத்தப்பட்டு, கர்ப்பம் தரித்த செய்தி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. அத்தாய் விலங்கு நுண்ணுயிர் நோயால் இறந்துவிட்டது. வயிற்றில் எழுபது நாள் கரு நன்கு வளர்ந்திருந்தது.