உணவகங்களில் வைஃபை குறுக்கீடு

உணவகங்களில் வைஃபை குறுக்கீடு என்பது, அருகருகே உள்ள பல கருவிகள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் கம்பியில்லா இணையம் வேகம் குறைவதையோ அறுபடுவதையோ குறிக்கும். செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவைப் போல, உணவகங்களும் விடுதிகளும் நெருங்கி அமைந்த இடங்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி. இச்சிக்கலின் வேர் வைஃபையைவிடப் பழமையானது.

1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், ரேடாருக்கான மேக்னட்ரான் குழல் உணவைச் சூடாக்குவதைக் கண்டறிந்தார். 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பு இதில்தான் இயங்குகிறது. 1985-இல் அமெரிக்கா இதே அலைவரிசையில் உரிமமின்றிச் செய்தி அனுப்பவும் அனுமதித்தது. 1997-இல் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் வெளிவந்தது.

இந்தியாவில் 1933-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2005 ஜனவரியில் வெளியான விதிகள், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு விலக்கு அளித்தன. ஆனால் இந்த அலைவரிசை யாருக்கும் தனியுரிமை அல்ல. பிறரால் வரும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோரவும் இயலாது. எனவே, பக்கத்துக் கடையின் ரவுட்டரால் இணையம் தடைபட்டாலும், உணவக உரிமையாளர் அலைவரிசைக்கு உரிமை கொண்டாட முடியாது.

இந்த அலைவரிசையில் 13 தடங்கள் உள்ளன. அவை ஒன்றின்மேல் ஒன்று படிவதால், 1, 6, 11 என மூன்றை மட்டுமே இடையூறின்றி ஒருசேரப் பயன்படுத்தலாம். அடுத்தடுத்து நான்கு கடைகள் இருந்தால் இரண்டு கடைகள் ஒரே தடத்தைப் பகிர நேரிடும். வைஃபை கருவி, தடம் ஓய்ந்திருக்கிறதா என்று கவனித்த பின்பே அனுப்பும். அடுப்பு அவ்வாறு காத்திருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் பதிவான புதிரான சைகைகள், சமையலறை நுண்ணலை அடுப்பை இடையில் திறந்ததால் எழுந்தவை என்று 2015-இல் தெரியவந்தது.

2018 அக்டோபரில் இந்தியா 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமத் தேவையை நீக்கியது. அங்கு நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கடக்கும் திறனும் குறைவு. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டம், தேநீர்க் கடைகளும் உரிமமின்றிப் பொது வைஃபை வழங்க வழிசெய்தது. சிறு கடைக்கும் இடம் தந்த இந்த உரிம விலக்கே நெரிசலுக்கும் காரணமாகிறது. பணம் பெறும் கணினியைக் கம்பிவழி இணைப்பதும், ரவுட்டரை அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதும், அண்டைக் கடைகள் பேசித் தடங்களைப் பிரித்துக்கொள்வதும் நடைமுறைத் தீர்வுகள்.